நாலு பக்கம் கையெழுத்து வாங்கியாச்சு, அடுத்து என்ன?

நிலத் தகராறுகளில் வாக்காளரின் மனு உரிமை: ஒரு பாடம்

ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒரு கால் மணி நேரம் நடந்து பாருங்க. முள்வேலி போட்ட காலி மனை, பாதி எழும்பிய அடுக்குமாடி, ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற போர்டு, ஜேசிபி தோண்டிப் போட்ட மண். இங்கே என்ன வரப்போகுதுன்னு அக்கம்பக்கத்தில் கேட்டா, பெரும்பாலும் “தெரியலப்பா” என்பதுதான் பதில். அது ஓடைப் புறம்போக்கை ஒட்டிய இடமாக இருந்தாலோ, மலையடிவாரமாக இருந்தாலோ, அடுத்த வாரமே யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவாங்க. “ஊரே கையெழுத்து போட்டுக் குடுத்தா நிறுத்திடுவாங்க” என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? நூறு வாக்காளர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாளுக்குச் சட்டத்தில் என்ன எடை? அந்த எடையை யார் குறைக்க முடியும், நாம எப்படிக் காப்பாத்தலாம்? இந்தக் கட்டுரை இதைத்தான் பார்க்கப்போகுது. சிவில் படிக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைக்க வேண்டாம். 18 வயது தாண்டி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாருக்கும்தான்.

நாலு சொல், நாலு அர்த்தம்

நம்ம பேச்சில் எல்லாத்தையும் ‘மனு’ன்னு சொல்லிடுறோம். சட்டத்தில் அவை தனித்தனி. முதலில் இதைப் பிரிச்சுக்குவோம்.

முதலாவது, மனு. ஒரு குறையைத் தீர்க்கச் சொல்லி அதிகாரியிடம் கொடுப்பது. அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு இதற்கு இடம் தருது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறையை எழுதிக் கொடுக்கலாம். அதாவது தமிழிலேயே கொடுக்கலாம். “இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்க” என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனா, மனுவில் கேட்டதைச் செய்தே ஆகணும்னு இந்தப் பிரிவு சொல்லலை.

இரண்டாவது, ஆட்சேபணை. அரசே ஒரு அறிவிப்பு வெளியிட்டு, “எதிர்ப்பு இருந்தால் இத்தனை நாளுக்குள் சொல்லுங்க” என்று கேட்கும்போது கொடுப்பது. இதற்குக் காலக்கெடு உண்டு. கெடுவுக்குள் வந்த ஆட்சேபணையைப் பரிசீலிக்கணும் என்ற கடமையும் அதிகாரிக்கு உண்டு.

மூன்றாவது, தீர்மானம். கிராம சபை போன்ற சட்டப்படியான ஒரு கூட்டம், கூடிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வது. தனி ஆளின் கருத்து இங்கே ஒரு அமைப்பின் முடிவாகிடுது.

நான்காவது, வாக்கெடுப்பு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்கள் கையெழுத்திட்டால், அரசு எடுத்த முடிவை மக்கள் ஓட்டுக்கு விட்டே ஆகணும் என்ற உரிமை. நிலப் பிரச்சினைக்கு இந்த உரிமை தமிழ்நாட்டில் இல்லை. இந்தியாவில் எங்குமே பொதுவான சட்டமாக இல்லை.

நோட்டுப் புத்தகத்தோடு வருபவர் மனதில் இருப்பது நான்காவது. அவர் கையில் இருப்பதோ முதலாவது. இந்த இடைவெளியில்தான் பல ஊர்ப் போராட்டங்கள் சோர்ந்து போகுது.

வெளிநாட்டில் எப்படி நடக்குது?

வாக்கெடுப்பு மனு உரிமை உள்ள இடங்களைப் பார்த்தால், அதை எப்படிப் பாதுகாக்கிறாங்கன்னு புரியும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நகர மன்றம் நிலப் பயன்பாட்டை மாற்றி ஒரு உள்ளூர்ச் சட்டம் போடுதுன்னு வைங்க. வயல் மண்டலம் குடியிருப்பு மண்டலமாகுது. அந்த நகரின் பதிவு பெற்ற வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் 30 நாளுக்குள் கையெழுத்திட்டு மனு கொடுத்தால், அந்தச் சட்டம் அப்படியே நிற்கும், அமலுக்கு வராது. மன்றம் அதைத் தானே ரத்து செய்யணும், இல்லைன்னா மக்கள் ஓட்டுக்கு விடணும். மூணாவது வழி கிடையாது. கவனிக்க வேண்டியது அந்த ‘நிற்கும்’ என்ற சொல். ஓட்டெடுப்பு நடப்பதற்குள் கட்டிடம் எழும்பிட்டா ஓட்டுக்கு அர்த்தமே இல்லையே.

ஒரு வரம்பும் இருக்கு. மண்டலத்தை மாற்றும் கொள்கை முடிவுக்குத்தான் வாக்கெடுப்பு கேட்கலாம். ஏற்கெனவே உள்ள விதிப்படி ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் கட்டட அனுமதிக்குக் கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மேல உள்ள கோபத்தை ஊர் ஓட்டாக மாற்றக் கூடாது என்பதுதான் இதன் நியாயம்.

1976-இல் ஓஹியோ மாநிலத்தின் ஈஸ்ட்லேக் நகர வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு மக்கள் ஓட்டில் 55 சதவீத ஆதரவு வேணும் என்பது அந்த நகரின் விதி. கட்டுமான நிறுவனம் அதை எதிர்த்தது. அந்த அதிகாரம் மக்களிடமிருந்தே வருவது, விதி செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது.

சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எதிர்த்து 100 நாளுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்தால் நாடு முழுக்க ஓட்டெடுப்பு. இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒண்ணு இருக்கு. அங்கே மலையூர்களில் வெளியூர்ப் பணக்காரர்கள் வீடு வாங்கிப் பூட்டிப் போட்டதால், உள்ளூர் ஆட்களுக்கு வீடு கிடைக்காத நிலை வந்தது. 2012 மார்ச்சில் மக்களே கையெழுத்து சேர்த்துக் கொண்டுவந்த வாக்கெடுப்பில், எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி மயிரிழையில், 50.6 சதவீத ஓட்டில், வென்றது. ரமணாசிரமம் பகுதியில் வருஷத்தில் பத்து மாசம் பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தவங்களுக்கு இது எங்கே உறைக்கும்னு தெரியும்.

இந்தியாவில் நடந்ததே இல்லையா?

நடந்திருக்கு. மூணு முன்னுதாரணம் பார்ப்போம்.

ஒன்று, சாராயக்கடை. மகாராஷ்டிராவில் 2008-இல் வந்த அரசாணைப்படி, ஒரு ஊரின் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், மதுக்கடை வேணுமா வேண்டாமா என்று ரகசிய ஓட்டெடுப்பு நடத்தணும். நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில் என்று ரெண்டு சின்னம். பட்டியலில் உள்ள பெண்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை மூடல். ராஜஸ்தானிலும் இதே மாதிரி விதி உண்டு. 2016 மார்ச்சில் ராஜ்சமந்த் மாவட்டத்தின் கச்பலி கிராம மக்கள் அதைப் பயன்படுத்தி ஓட்டுப்போட்டுக் கடையை மூட வச்சாங்க. கையெழுத்து, சரிபார்ப்பு, ஓட்டு, முடிவு என்ற முழுச் சங்கிலியும் இந்திய மண்ணிலேயே ஓடக்கூடியதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டு, ராய்கட். மும்பைக்குப் பக்கத்தில் ரிலையன்ஸின் மகாமும்பை சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு நிலம் எடுப்பதை விவசாயிகள் எதிர்த்தாங்க. 2008 செப்டம்பர் 21 அன்று 22 கிராமங்களில் மாநில அரசே கருத்து வாக்கெடுப்பு நடத்தியது. ஆனா அது அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு இல்லை. அரசு விரும்பி நடத்தியது, அவ்வளவுதான்.

மூன்று, நியமகிரி. ஒடிசாவில் பாக்சைட் வெட்ட மலை வேணும்னு கேட்டாங்க. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகள் இதைப் பேசி முடிவெடுக்கட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் பார்வையாளராக இருக்கணும் என்றும் உத்தரவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட 12 கிராம சபைகளும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. மகாராஷ்டிரப் பெண்களின் ஓட்டுக்கு முன்கூட்டியே எழுதிய விதி இருந்தது. நியமகிரிக்கு ஒரு சட்டமும் நீதிமன்றக் காவலும் இருந்தன. ராய்கட்டில் ரெண்டுமே இல்லை. மக்கள் எத்தனை பேர் என்பதோடு, பின்னால் என்ன விதி நிற்குது என்பதும் முடிவைத் தீர்மானிக்குது.

தமிழ்நாட்டில் நம்ம கையில் இருப்பது

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 3-ஆவது பிரிவுதான் கிராம சபையின் அடிப்படை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர். உங்க பெயர் ஊர்ப் பட்டியலில் இருந்தால், நீங்க ஹாஸ்டலில் இருந்தாலும் உறுப்பினர்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூட்டம். கூட்டம் செல்லுபடியாக ஆள் எண்ணிக்கை தேவை: 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் உடைச்சிடுவார்.

தீர்மானத்துக்கு உள்ள எடை எவ்வளவு? இரண்டு உதாரணம் போதும்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் ஒரு நிறுவனத்துக்கு முடிஞ்சது. அரிட்டாபட்டி உட்படப் பல கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022-லிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கு. திட்டம் நிற்கலை, நிலம் எடுக்கும் வேலை தொடர்ந்தது.

ரெண்டுமே கிராம சபைத் தீர்மானம்தான். ஒரு இடத்தில் மாநில அரசு மக்கள் பக்கம் நின்று மத்திய அரசை எதிர்த்தது. இன்னொரு இடத்தில் திட்டத்தைக் கொண்டுவருவதே மாநில அரசு. அப்போ தீர்மானத்தின் பலன் யார் எதிரில் இருக்காங்க என்பதைப் பொறுத்து மாறுது. உரிமைன்னா அப்படி மாறக் கூடாது. இங்கே நமக்கு இருப்பது செல்வாக்கு, இன்னும் உரிமையாகலை.

இதுக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2013-இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் நடக்கணும்னு சொல்லுது. தனியார் கம்பெனிக்குன்னா பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம், அரசு–தனியார் கூட்டுன்னா 70 சதவீதம். கேட்க நல்லா இருக்கு. ஆனா தமிழ்நாடு 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கத்துக்கான 1997 சட்டம், நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம் ஆகிய மூணையும் அந்த நடைமுறையிலிருந்து விலக்கிடுச்சு. 2019-இல் உயர் நீதிமன்றம் இந்த மூன்று சட்டங்களும் செல்லாது என்றது. மாநில அரசு அவற்றுக்கு உயிர் கொடுக்கப் புதுச் சட்டம் போட்டது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆகவே சிப்காட்டுக்கு 1997 சட்டப்படி நிலம் எடுத்தால், அந்த 80 சதவீதச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

இதன் மேல 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் ஏரி, ஓடை இருந்தாலும் முழு நிலத்தையும் ஒருங்கிணைத்துத் தர அது வழி செய்யுது.

நம்ம மாவட்டக் கதை

திருவண்ணாமலைக்கு இந்தப் பாடம் புதுசில்லை.

2002-இல் அண்ணாமலையார் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாகத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டபோது ஊர் கொதிச்சது. போராட்டமும் வழக்கும் சேர்ந்து, கடைசியில் கோயில் திரும்ப அறநிலையத் துறையிடமே வந்தது. 2016-இல் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரம் வெட்டத் தொடங்கினப்போ, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தலையிட்டுத் தடை போட்டது. ரெண்டு இடத்திலும் கையெழுத்தோடு சேர்ந்து ஒரு நீதிமன்றமோ தீர்ப்பாயமோ இருந்ததைக் கவனிங்க.

செய்யாறு பக்கம் மேல்மாவில் நடந்தது வேற. சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் நூறு நாளைத் தாண்டிப் போராடினாங்க. நவம்பரில் கைது நடந்தது. 7 பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலம் முழுக்க எதிர்ப்பு வந்ததும் முதலில் 6 பேர் மீதான உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மனு உரிமையைப் பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. கையெழுத்துப் போட்டா கேஸ் வருமோ என்ற பயம் ஒரு ஊரில் புகுந்துட்டா, தாளில் எத்தனை பிரிவு எழுதியிருந்தாலும் யாரும் பேனாவை எடுக்க மாட்டாங்க.

இப்போ ரமணாசிரமம் பகுதிக்கு வருவோம். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியானது. நகரைச் சுற்றியிருந்த ஊராட்சிகள் அதில் சேர்ந்தன. சாலை, குடிநீர், நிதி என்று இதில் நன்மை உண்டு. ஆனா பேப்பரில் பெரிசா வராத ஒரு மாற்றமும் சேர்ந்தே நடந்தது. ஊராட்சி போனா கிராம சபையும் போயிடும். அதுவரை ‘எங்க சபைத் தீர்மானம்’ என்று சொன்னவங்க, இனி வார்டு குழுவையும் பகுதி சபையையும் நம்பணும். 2022-இல் வந்த விதிகள்படி நகர்ப்புறத்தில் பகுதி சபை உண்டு. அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசலாம், கோரிக்கை வைக்கலாம். ஆனா கிராம சபை அளவுக்கு அது இன்னும் மக்கள் வாயில் பழகலை. ‘பகுதி சபை எப்போ கூடுது?’ன்னு உங்க தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்க.

மாவட்டத்தின் மிச்ச ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியோடு தேர்ந்தெடுக்கப்பட்டவங்க பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை சட்டப்படி உயிரோடுதான் இருக்கு. அதன் உறுப்பினர் வாக்காளர்தானே.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, சுரங்கம், தொழிற்சாலை மாதிரித் திட்டங்களுக்கு 30 நாள் முன்னறிவிப்போடு மக்கள் கருத்துக் கேட்பு நடக்கணும். ஆனா கட்டடங்களுக்கும் நகரிய வளர்ச்சித் திட்டங்களுக்கும் அந்தக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும், ஊரைக் கேட்க வேண்டியதில்லை. ரமணாசிரமம் பகுதியில் வருவது பெரும்பாலும் இந்த வகைக் கட்டுமானம்தான்.

இதெல்லாம் ஏதோ காகிதச் சண்டைன்னு நினைச்சா, 2024 டிசம்பர் 1-ஐ நினைச்சுக்கோங்க. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டுக்குள் 7 பேர் இறந்தாங்க. அதில் 5 பேர் குழந்தைகள். மலையடிவாரத்தில் எங்கே வீடு இருக்கலாம், எங்கே கூடாது, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு மாற்று இடம் எங்கே என்ற கேள்விகளை ஊர் கூடிப் பேச ஒரு மேடை வேணும். அந்த மேடை இல்லாத ஊரில், விபத்துக்குப் பிறகுதான் பேச்சு தொடங்குது.

யார் வாக்காளர்?

ஆசிரமப் பகுதியில் இந்தக் கேள்வி ரொம்பச் சிக்கலானது. அங்கே மூணு வகை மனிதர்கள் இருக்காங்க. மனை வாங்கியிருப்பார், ஓட்டு சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும். வருஷக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பார், ஆனா வெளிநாட்டுக்காரர், ஓட்டே கிடையாது. மூணாவது, அங்கேயே பிறந்து, ஆட்டோ ஓட்டி, வீட்டு வேலை செய்து, பூ விற்று வாழ்பவர். ஓட்டு இருக்கும், ஒரு சென்ட் நிலம் இருக்காது.

பட்டா உள்ளவரை மட்டும் கேட்டால் மூணாவது ஆள் காணாமல் போயிடுவார். வாக்காளரை மட்டும் கேட்டால், நிலத்தை இழக்கிற சிறு விவசாயியின் குரல் கூட்டத்தில் அமுங்கலாம். 2013 சட்டம் ‘பாதிக்கப்படும் குடும்பம்’ என்று சொல்லி, அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரர், கூலித் தொழிலாளியையும் சேர்த்தது இதனால்தான்.

பெரும்பான்மை ஓட்டு எப்போதும் நியாயம் பேசும்னும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் ஏழைகளுக்கான வாடகை வீடு கட்டணும்னா ஊர் ஓட்டு வேணும்னு விதி இருந்தது. ‘எங்க தெருவுக்கு வேண்டாம்’ என்று வசதியானவங்க தடுத்தாங்க. 1971-இல் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றது. நம்ம ஊரில் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கினால் ஊர்த்தெருவில் கையெழுத்து வேட்டை நடக்காதுன்னு யார் உறுதி சொல்ல முடியும்? ஆகவே வாக்கெடுப்பு உரிமை கேட்கிறவங்க, அதை எதுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வேலியையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

கையெழுத்தைச் சரிபார்க்கும் கணக்கு

இது நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும் பகுதி. கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வந்தால் எல்லாத்தையும் பார்க்க மாட்டாங்க. 500 அல்லது 3 சதவீதம், எது அதிகமோ, அத்தனையைக் குலுக்கலில் எடுத்துச் சரிபார்ப்பாங்க. அதிலிருந்து மொத்தத்தைக் கணிப்பாங்க. கணிப்பு தேவையான எண்ணிக்கையில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் மனு தோல்வி. 110 சதவீதத்துக்கு மேல் போனால் வெற்றி. நடுவில் இருந்தால் ஒவ்வொண்ணையும் எண்ணணும்.

இதில் ஒருவரே ரெண்டு முறை போட்ட கையெழுத்துதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு ஜோடியின் ரெண்டு கையெழுத்தும் 3 சதவீத மாதிரிக்குள் சேர்ந்து விழும் வாய்ப்பு 0.03 × 0.03 = 0.0009. தலைகீழாக்கினால் சுமார் 1,111. அதாவது மாதிரியில் ஒரே ஒரு ஜோடி அகப்பட்டால், மொத்தத்தில் சுமார் 1,111 ஜோடி இருக்குன்னு கணக்கு சொல்லும். ஆர்வத்தில் ரெண்டு நோட்டிலும் போட்ட ஒரு பாட்டியால் ஆயிரம் கையெழுத்து காலி!

நம்ம ஊர் அளவுக்கு இந்த மாதிரி எடுக்கும் முறையே வேண்டாம். 400 கையெழுத்துன்னா முழுசாகவே சரிபார்த்துடலாம். வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதி வாங்குங்க. எக்செல்லில் ஏற்றி, ரெண்டையும் சேர்த்து ஒரு குறியாக்கி, இரட்டிப்பைத் தேடினால் ரெண்டு நிமிஷ வேலை. தலைவாசலில் கேட்கும் ‘இதெல்லாம் உண்மையான கையெழுத்தா?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

உங்க ஊரில் செய்ய வேண்டியது

முதலில், எந்தக் கட்டம்னு கண்டுபிடிங்க. முழுமைத் திட்ட வரைவா, விரிவான வளர்ச்சித் திட்டமா, நில வகைப்பாடு மாற்றமா, மனைப்பிரிவு அனுமதியா, வெறும் கட்டட அனுமதியா? 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்ட வரைவுகளுக்கு ஆட்சேபணை சொல்ல 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரணும். தனி மனையின் வகைப்பாடு மாற்றத்துக்கு, பத்திரிகை விளம்பரத்தில் சொல்லும் கெடுதான் உங்க கெடு. அந்த விளம்பரம் பேப்பரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வரும். தினம் ஒருத்தர் பார்க்கும்படி ஊரில் முறை வச்சுக்கலாம்.

இரண்டாவது, இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்க. ‘ஆசிரமத்துக்குப் பின்னாடி உள்ள காலி இடம்’ என்று எழுதினால் மனு அங்கேயே செத்துடும். சர்வே எண், உட்பிரிவு, புலப்பட நகல், அ-பதிவேட்டில் அது புறம்போக்கா பட்டாவா என்ற விவரம், இதெல்லாம் இணையத்திலேயே பார்க்கலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விடணும். அது விடப்பட்டிருக்கான்னு வரைபடத்தில் அளந்து பார்ப்பது நமக்குச் சர்வே பிராக்டிகல் மாதிரி.

மூன்றாவது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோரிக்கையை முழுசாக அச்சடிங்க. வெறும் கையெழுத்துத் தாளைப் பின்னாடி சேர்த்தால், ‘நிவாரணம்னு சொல்லித்தான் வாங்கினாங்க’ என்று யாராவது பிறகு பின்வாங்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டி, சாட்சியோடு கைநாட்டு வாங்குங்க.

நான்காவது, ஒப்புகை இல்லாமல் திரும்பாதீங்க. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு எண்ணை வாங்குங்க. 30 நாள் கழிச்சு, ‘இந்த மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பின் நகல் தரவும்’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 10 ரூபாய், 30 நாள். கிராம சபைத் தீர்மான நகலையும் இதே வழியில் வாங்கலாம்.

ஐந்தாவது, நீதிமன்றக் கெடுவை மறக்காதீங்க. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். ‘கலெக்டர்கிட்ட மனு குடுத்திருக்கோம், பார்ப்போம்’ என்று காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவற விட்ட ஊர்கள் உண்டு.

என்ன சட்டம் கேட்கலாம்?

ஒரு வரைவு, விவாதத்துக்காக. நில வகைப்பாடு மாற்றம், நீர்நிலைப் பரிமாற்றம், பெரிய நிலம் எடுப்பு இந்த மூணுக்கு மட்டும், சம்பந்தப்பட்ட வார்டு அல்லது ஊராட்சி வாக்காளரில் 10 சதவீதம் கேட்டால் ரகசிய ஓட்டெடுப்பு. மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து முடிவு வரை வேலை நிறுத்தம். சரிபார்ப்பைத் தேர்தல் ஆணையம் செய்யணும், திட்டத்தைக் கொண்டுவரும் துறை செய்யக் கூடாது. ஏழைகள் குடியிருப்பு, சுடுகாடு, பள்ளி போன்றவற்றைத் தடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்திட்டதற்காக யார் மீதும் நடவடிக்கை கூடாது. நிலத்தை நம்பிப் பிழைப்பவர் கருத்துத் தனியாகப் பதிவாகணும்.

இது நாளைக்கே வரப்போவதில்லை. ஆனா கிராம சபையும் ஒரு காலத்தில் வெறும் கோரிக்கையாகத்தான் இருந்தது. 1992-இன் 73-ஆவது திருத்தம் அதை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது.

வீட்டுப்பாடம்

ஒன்று: உங்க பெயர் எந்த ஊர்ப் பட்டியலில், எந்தப் பாகத்தில் இருக்குன்னு இன்னிக்கே பாருங்க. இரண்டு: உங்க ஊர் கிராம சபையா, பகுதி சபையா? அடுத்த கூட்டத் தேதி என்ன? மூன்று: வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நீர்நிலையின் சர்வே எண்ணையும், பதிவேட்டில் உள்ள பரப்பளவையும் எடுத்து, இப்போதைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்க.

மூணாவது கேள்விக்கு விடை எடுத்தவங்க அதைத் தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கையோடு கொண்டுபோங்க.